துத்தநாகத்துக்குச் சொந்தக் கறுப்பு கிடையாது: ஜிஐ தகட்டை வீட்டிலேயே கருமையாக்கிய அனுபவம்

புது ஜிஐ தகட்டின், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின், வெள்ளிப் பளபளப்பு வீட்டுக்குள் எதனோடும் சேராது. மரச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்தால் மரம் மங்கித் தெரியும். செடிக்குப் பக்கத்தில் வைத்தால் தகடுதான் முதலில் கண்ணில் படும். மழையிலும் வெயிலிலும் கிடந்தால் அதுவாகவே மங்கி நல்ல சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஆகலாம். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு அந்த மாற்றமும் நடக்காது.

பூந்தொட்டிப் பெட்டிகள், அலமாரித் தாங்கிகள், விளக்கு மாட்டும் குழாய்கள் என்று பல சாமான்களை வீட்டிலேயே ரசாயனம் தடவிக் கருமையாக்கியிருக்கிறேன். கறுப்பு பெயின்ட் அடித்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் பெயின்ட் உலோகத்தை மூடிவிடுகிறது. பாட்டினா, அதாவது ரசாயனத்தால் உலோகத்தின் மேற்பரப்பையே நிறம் மாற்றுவது, செய்தால் தகட்டின் மேல் பூப்பூவாகத் தெரியும் துத்தநாகப் படிகங்கள் கருமைக்குள்ளும் தெரியும். ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு விதமாக நிறம் ஏற்கும். பார்க்கும் கோணம் மாறினால் இருட்டும் வெளிச்சமும் இடம் மாறும். அந்த அழகுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இந்த வேலையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது புரிந்தால் எந்தச் செய்முறை பலிக்கும், எது பலிக்காது என்பதை நீங்களே சொல்லிவிடலாம். வெள்ளியும் செம்பும் கந்தகம் பட்டால் கறுத்துவிடும், ஏனென்றால் அவற்றின் சல்பைடு கருநிறம். நகை வேலை தெரிந்தவர்கள் அதே கந்தகக் கரைசலைத் துத்தநாகத்தில் தடவிப் பார்த்துவிட்டு ஏன் கறுக்கவில்லை என்று கேட்பார்கள். துத்தநாக சல்பைடு வெள்ளை. துத்தநாக ஆக்சைடும் வெள்ளை, கார்பனேட்டும் வெள்ளை, பாஸ்பேட்டும் வெள்ளைதான். ஆக, துத்தநாகத்துக்குச் சொந்தமாக ஒரு கறுப்பு கிடையாது. தகட்டை மங்கவைக்கவும் சாம்பலாக்கவும் துத்தநாகமே போதும். கறுக்கவைக்க வேண்டுமென்றால் வேறு ஏதாவது ஒன்று வெளியிலிருந்து வந்து அதன் மேல் படிய வேண்டும்.

வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது செம்பைப் படியவைப்பது. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், தண்ணீரில் கரைந்தால் நீலமாக இருக்கும். அந்தக் கரைசல் துத்தநாகத்தில் பட்டதும் துத்தநாகம் கரைசலுக்குள் இறங்கிவிடும், கரைசலில் இருந்த செம்பு வெளியே வந்து அந்த இடத்தில் உட்காரும். வருவது செம்பு என்றாலும் மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் கண்ணுக்குக் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். அழுத்தித் தேய்த்தால் துகள்கள் ஒன்றோடொன்று நசுங்கிச் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். இது சிலருக்குப் பிடிக்கும். ஓரங்களை மட்டும் இலேசாகத் தேய்த்து அந்த நிறத்தைக் கொண்டுவருவது எனக்கும் பிடிக்கும்.

முழுக்கறுப்பு வேண்டும் என்றால் கடையில் தயாராகக் கிடைக்கும் கறுப்பு பாட்டினா திரவங்கள் இருக்கின்றன. வண்ணக் கண்ணாடி வேலையில் ஈயப்பற்றைக் கறுக்கவைப்பதற்கும், எஃகைக் கருநீலமாக்குவதற்கும் விற்பவை இந்த வகை. இவற்றில் பெரும்பாலும் செம்பு உப்போடு செலினியம் சேர்ந்த அமிலமும் இருக்கும். நிறம் ஆழமாக வரும், சில நொடிகளிலேயே வரும். ஆனால் செலினியச் சேர்மங்கள் நல்ல நச்சு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடியவை. சின்னச் சாமானுக்கு மட்டும், திறந்த வெளியில், நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் நான் அதைத் தொடுவேன். பெரிய தகட்டுக்கு மயில்துத்தமே போதும். அதுவும் விழுங்கினால் விஷம், கண்ணில் பட்டால் கெடுதல். கையுறையும் கண்ணாடியும் அதற்கும் வேண்டும்.

வினிகரைப் பற்றியும் கழிப்பறை கழுவும் அமிலத்தைப் பற்றியும் பலரும் கேட்கிறார்கள். வினிகர் பளபளப்பை எடுத்துவிடும், கறுப்பைத் தராது. அதனால் அது தயாரிப்பு வேலைக்குத்தான் உதவும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள திரவங்களை நான் இந்த வேலைக்கு வேண்டாம் என்றே சொல்வேன். கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 100 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு கரைந்திருக்கும் ஒரு லிட்டர் அமிலம் முழுவதும் வேலை செய்தால் சுமார் 90 கிராம் துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது 12 மைக்ரானுக்கும் மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 20 கிராம் மயில்துத்தம் கரைந்த ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் தீர்ந்தாலும் எடுப்பது 5 கிராமுக்குச் சற்று மேல், அதாவது ஒரு மைக்ரான்கூட இல்லை. துருப்பிடிக்காமல் காப்பதற்காகப் பூசிய துத்தநாகத்தை நிறத்துக்காக இழப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தவிர, அந்த அமிலம் துத்தநாகத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் தீப்பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும். ப்ளீச்சோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். அது உயிரையே பறிக்கக்கூடியது.

மைக்ரான் கணக்கு ஏன் முக்கியம் என்றால், கால்வனைஸ், அதாவது துத்தநாகம் பூசியது, என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கனத்தில் பூச்சுகள் இருக்கின்றன. சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்த கனமான கம்பிகளிலும் குழாய்களிலும் பூச்சு 45 மைக்ரானிலிருந்து 85 மைக்ரானுக்கு மேலும் இருக்கும். சாதாரண ஜிஐ தகட்டில் இசட் 275 என்று போட்டிருந்தால் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் என்று பொருள். ஒரு பக்கத்துக்கு அது 20 மைக்ரானை ஒட்டி வரும். மின்முலாம் பூசிய ஆணி, போல்ட், தாங்கிகளில் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். இந்தக் கடைசி வகையை உப்புத்தாள் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாலே இரும்பு தெரிய ஆரம்பித்துவிடும். தடித்த பூச்சில் துணிந்து செய்யும் வேலையை இதில் செய்யக் கூடாது.

இன்னொரு வகைத் தகடும் உண்டு. பார்க்க ஜிஐ தகடு மாதிரியே இருக்கும், பூக்கள் மட்டும் சின்னதாகவும் மினுமினுப்பாகவும் தெரியும். அதன் பூச்சில் எடைக்கு 55 சதவீதம் அலுமினியம். அலுமினியம் தன் மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொண்டிருப்பதால் மயில்துத்தம் அதில் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

சரி, சுத்தம் செய்யும் வேலைக்கு வருவோம். நிறம் நன்றாக வந்த என் சாமான்களில் எல்லாம் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருக்கிறது. கரைசல் தடவுவது சில நிமிட வேலை.

புதுத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே அதன் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும். அடுக்கி வைத்திருக்கும் தகடுகளுக்கிடையில் ஈரம் தங்கினால் துத்தநாகம் அரித்து வெள்ளைப் பொடியாகும் வெள்ளைத் துரு பூக்கும். அதைத் தடுக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், இல்லையென்றால் குரோமேட் படலமோ மெல்லிய அக்ரிலிக் பூச்சோ கொடுத்திருப்பார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கரைசலைத் தடவினால் தண்ணீர் போல வழிந்து ஓடும், நிறம் மாறாது. ‘என் தகட்டில் கறுக்கவே மாட்டேன் என்கிறது’ என்று யாராவது சொன்னால் முதலில் இந்தப் படலத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

நான் செய்யும் முறை இது. முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு நன்றாகக் கழுவுவேன். அது காய்ந்ததும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பேன், துணி அழுக்காவது நிற்கும் வரைக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை ஈரமாக்கி ஒரே திசையில் சீராகத் தேய்ப்பேன். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டங்கள் கறுப்பிலும் அப்படியே தெரியும். உலர்வாகத் தேய்க்காதீர்கள். மஞ்சளாக, எண்ணெய் மேல் வானவில் படர்ந்தது போல மின்னும் போல்ட்டுகளிலும் தாங்கிகளிலும் ஆறு இணைதிற குரோமியம் என்ற நச்சு வகைக் குரோமியம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, தேய்த்த நீரையும் மற்றக் கழிவோடு சேர்த்து வைத்துவிடலாம். கடைசியாக வினிகர் தடவி ஓரிரு நிமிடம் விட்டு, பளபளப்பு மங்கியதும் கழுவிவிடுவேன்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் போதும். தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினால் நீர் ஒரே படலமாகப் பரவி நிற்க வேண்டும். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெயோ படலமோ இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பிறகு அந்த இடத்தை வெறும் கையால் தொட வேண்டாம். விரல் பட்ட இடம் விரல்ரேகையோடு வெளிறித் தெரியும்.

கால்வனைஸ் செய்த இரும்புக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் சிலர் முதலில் ஒரு திரவம் தடவுவதுண்டு. பாஸ்பாரிக் அமிலத்தில் செம்பு உப்பு கலந்தது அது. பட்ட இடமெல்லாம் கறுக்க வேண்டும், கறுக்காத இடத்தில் பெயின்ட் பிடிக்காது என்று அதை மறுபடி சுத்தம் செய்வார்கள். அவர்களுக்கு அந்தக் கறுப்பு ஓர் அடையாளம் மட்டும்தான், அதன் மேல் பெயின்ட் வந்துவிடும். நாம் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறோம்.

கரைசலுக்கு நான் தொடங்கும் அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் மயில்துத்தம். காய்ச்சி வடித்த நீர் நல்லது. உப்புத்தன்மையுள்ள கடின நீரில் கரைத்தால் வெளிர்நீலமாகக் கலங்கும், ஒரு மூடி வினிகர் விட்டால் தெளியும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில்தான் கரைக்க வேண்டும், இரும்புப் பாத்திரத்தில் கரைத்தால் செம்பு அதிலேயே படிந்துவிடும். தகரப் பட்டி போட்ட பிரஷையும் தவிர்க்கலாம், ஸ்பாஞ்ச் எளிது.

அளவைக் கூட்டினால் இன்னும் கறுக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. கரைசல் கெட்டியாக இருந்தால் செம்பு அவசர அவசரமாக வந்து பஞ்சு போலக் குவியும். பார்க்கும்போது அருமையான கறுப்பு, கழுவும்போது சேறாக வழிந்து போய்விடும், அடியில் வெளிறிய தகடு மிஞ்சும். நீர்த்த கரைசல் மெதுவாகப் படியவைக்கும், படிந்தது பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் மெல்லிய பூச்சாகத் தடவி, நிறம் மாறியதும் கழுவி, தளர்ந்த துகள்களை மென்மையான துணியால் எடுத்துவிட்டு மறுபடி தடவுகிறேன். பூச்சுக்குப் பூச்சு கருமை ஏறும். தகடு வெதுவெதுப்பாக இருந்தால் வினை வேகமாக நடக்கும். கைக்கு இதமான சூடு போதும், அதற்கு மேல் போனால் கரைசல் விளிம்பு விளிம்பாக உலர்ந்து கோடு போட்டுவிடும்.

தடவும் விதத்தைப் பொறுத்துத் தோற்றம் மாறும். முக்கி எடுத்தால் சீரான கறுப்பு. ஸ்பாஞ்சால் ஒற்றினால் மேகம் மேகமாக வரும். தெளிப்பானால் தூவினால் புள்ளிகள். நிமிர்ந்து நிற்கும் பரப்பில் எப்போதும் கீழிருந்து மேலே தடவுங்கள். மேலிருந்து வழியும் சொட்டு காய்ந்த தகட்டில் ஓடினால் அந்தத் தடம் பிறகு போகவே போகாது. வெட்டிய ஓரங்களிலும் துளைகளிலும் வெறும் இரும்பு தெரியும் என்பதால் அங்கே செம்பு பளிச்சென்று இளஞ்சிவப்பாகப் படியும். அது வேண்டாம் என்றால் அந்த ஓரங்களுக்கு முன்பே துத்தநாகப் பொடி கலந்த பெயின்ட் அடித்துவிடலாம், துருவுக்கும் அது நல்லது.

நனைந்திருக்கும்போது தெரியும் கறுப்பை நம்ப வேண்டாம். உலர்ந்ததும் ஒரு படி வெளிறிச் சாம்பல் பூத்தது போல் ஆகும். மெழுகு பூசியதும் ஆழம் திரும்பி வரும். எவ்வளவு கருமையில் நிறுத்துவது என்று தெரிய ஒரு துண்டுத் தகட்டில் பூசி, கழுவி, உலர்த்தி, மெழுகும் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். அதே தகட்டிலிருந்து வெட்டிய துண்டாக இருக்க வேண்டும். வேறு தகட்டின் துண்டு வேறு விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

நிறம் போதும் என்று பட்டதும் தாராளமாகக் கழுவ வேண்டும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் ஒருமுறை, மறுபடி வெறும் நீரால் ஒருமுறை. உப்பு மிஞ்சினால் சில நாளில் வெள்ளையாகப் பூக்கும். மடிப்புகளிலும் மூலைகளிலும்தான் அது ஒளிந்திருக்கும். கழுவியதும் துணியால் ஒற்றி, வெதுவெதுப்பான காற்றால் உடனே உலர்த்திவிடுங்கள். நீர் தேங்கினால் வெள்ளைத் துரு தொடங்கிவிடும். எரிவாயு டார்ச்சை மட்டும் கையில் எடுக்காதீர்கள். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அதிகச் சூட்டில் கிளம்பும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் குளிரும் நடுக்கமும் வரும்.

மேற்பூச்சு இல்லாத பாட்டினா கையோடு வந்துவிடும். அடிக்கடி கை படும் சாமானுக்குத் தெளிவான அக்ரிலிக் தெளிப்பு, மற்றவற்றுக்குத் தேன்மெழுகு அல்லது கட்டி மெழுகுப் பசை. எனக்கு மெழுகுதான் பிடிக்கும். படிகங்களின் ஆழம் அதில்தான் நன்றாகத் தெரிகிறது, தேய்ந்த இடத்தில் மறுபடி பூசுவதும் சுலபம். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் இங்கே ஆகாது. அது துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்புப் படலம் உண்டாக்கி, கொஞ்ச காலத்தில் தோலாக உரியும்.

எங்கெல்லாம் இதைச் செய்யக் கூடாது என்பதில் நான் கறார். துத்தநாகத்தின் மேல் செம்பு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி மின்கலமாகி, சுற்றியிருக்கும் துத்தநாகத்தை அரிக்கத் தொடங்கும். வீட்டுக்குள், உலர்ந்த இடத்தில், மெழுகுக்கு அடியில் இது பிரச்சினை இல்லை. மழையில் நிற்கும் படிக்கட்டு, கைப்பிடிச் சுவர்க் கம்பி, கூரை, பாரம் தாங்கும் எதுவானாலும் இந்த வேலை வேண்டாம். அங்கே பூச்சு இருப்பது இரும்பைக் காப்பாற்ற. உணவும் குடிநீரும் படும் பாத்திரம் எதிலும் வேண்டவே வேண்டாம். பூந்தொட்டிப் பெட்டிகளில் நான் வெளிப்பக்கத்தை மட்டும் கருமையாக்குகிறேன், உள்ளே பிளாஸ்டிக் தொட்டி வைத்துத்தான் செடி. மண்ணின் ஈரம் தகட்டைத் தொடுவதில்லை, செம்பும் மண்ணுக்குள் இறங்குவதில்லை.

மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மீன்களுக்கும் நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. மயில்துத்தக் கரைசலில் எண்ணெய் நீக்கிய இரும்பு நாரைப் போட்டு வைத்தால் செம்பு இரும்பின் மேல் படியும், நீலம் மெல்ல மறையும். பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டால் மிச்ச உலோகமும் வண்டலாக இறங்கும். வண்டலை உலரவிட்டு, மூடிய டப்பாவில் பெயர் எழுதி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். செலினியம் கலந்த திரவத்தில் இந்தக் கைவேலை எதுவும் வேண்டாம், அதன் புட்டியோடு அப்படியே கொடுத்துவிடுங்கள். பயன்படுத்திய துணியும் ஸ்பாஞ்சும் கையுறையும்கூட அந்த மூட்டையில்தான் போக வேண்டும்.